"இருக்கிறேன் சாமி"
(வெள்ளி விழாவை முன்னிட்டு, நோயாளர் தினத்தன்று நமது ஆலயத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



லூர்து மாதாவின் திருநாளாகிய பெப்ருவரி 11-ந் தேதியை உலக நோயாளர் தினமாக 1992-ம் ஆண்டில் ஏற்படுத்தியவர் புனித பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர். நமது வெள்ளி விழாவிலும் இந்த நாளை நோயாளிகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறோம். கட்டிலருகே நின்று, "எப்படி இருக்கிறீர்கள்?" என்கிறோம். "இருக்கிறேன் சாமி" என்று பதில் வருகிறது. ஜெபம் சொல்லி, ஆசீர் அளித்து, அடுத்த வீட்டுக்குப் போகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்ன அடங்கிக் கிடக்கிறது என்று நாம் கேட்டதுண்டா? கேட்கவில்லை என்பதை இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்கிறோம். எப்படிக் கேட்பது என்பதை லண்டன் மாநகரில் சிலர் முயன்று கற்றுக்கொண்டார்கள். அந்தச் செய்தியையே இன்று சொல்ல விரும்புகிறோம்.

மல்டிப்பிள் ஸ்கிலிரோசிஸ் என்றொரு நோய் உண்டு. மின்சாரக் கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதுபோல நமது நரம்புகளுக்கும் ஓர் உறை உண்டு. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த உறையை அரித்துவிடுவதுதான் இந்நோய். 1868-ல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ இதைத் தெளிவாக விவரித்தார். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. குளிர் நாடுகளில் மிகுதி. நம் நாட்டிலும் இல்லாமலில்லை. மருந்துகள் இன்று பல இருந்தாலும், முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. நோய் முற்றியவர்கள் ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே கிடக்க நேரிடுகிறது.

ஹாலந்து தேசத்துப் புனித லிட்வினாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1380-ல் பிறந்து, இளம் வயதில் பனிக்கட்டியின்மேல் விழுந்து, அதன்பின் 1433-ல் மரிக்கும்வரை நோயாளியாகவே வாழ்ந்தவர். அவருக்கிருந்தது இந்த நோயாகவே இருக்கலாம் என்று மருத்துவர் சிலர் கருதுகிறார்கள், உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஆனால் அப்படி யோசிக்கவாவது முடிவது எதனால்? அவருடைய உபாதைகளை அக்காலத்தவர் எழுதி வைத்ததனால் அல்லவா? அவரது சரித்திரத்தை எழுதியவர்களுள் ஒருவர், 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' தந்த தாமஸ் கெம்பிஸ் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இந்த நோயை அளக்க மருத்துவர்கள் நெடுநாளாக ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கர்ட்ஸ்கே என்ற அமெரிக்க மருத்துவர் 1983-ல் விரிவாக்கித் தந்தது அது. 0 முதல் 10 வரை எண்கள். பயனுள்ள கோல்தான், ஆனால் அதன் மேற்படிகள் பெரும்பாலும் நடையையே பார்க்கின்றன. எத்தனை அடி நடக்கிறார், கோல் ஊன்றுகிறாரா, நாற்காலியிலா, படுக்கையிலா என்று சொல்லிவிடும். இரவில் தசை இழுத்துக்கொண்டு தூக்கம் கெடுவதையும், சிறுநீர் அடங்காமல் கூசிக் கிடப்பதையும் அந்த ஓர் எண் நமக்குச் சொல்லுமா?

1967-ல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், நோவு என்பது உடலில் மட்டுமல்ல, மனதிலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் உண்டு என்று போதித்தார். அந்த வழியில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஐரீன் ஹிக்கின்சன் அம்மையாரும் உடனுழைத்தவரும் 1999-ல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். கடந்த 3 நாட்களில் எப்படி இருந்தது என்பதே அதன் போக்கு. வலி உண்டா? கவலை உண்டா? குடும்பத்தார் கலங்குகிறார்களா? மனதிலுள்ளதை யாரிடமாவது சொல்ல முடிந்ததா? வாழ்வுக்குப் பொருள் இருப்பதாகத் தோன்றிற்றா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை எண்கள். நோயாளி எண்ணைச் சொன்னால் போதும். பேச இயலாதபோது பராமரிப்பவரிடமும் கேட்கலாம்.

இந்த நோயாளிகளுக்கென்று களைப்பு, தசை இழுப்பு, விழுங்கும் கஷ்டம், சிறுநீர்த் தொல்லை, படுக்கைப்புண் போன்றவற்றையும் சேர்த்துக் கேட்டார்கள். தென்கிழக்கு லண்டனில் நோய் முற்றிய 52 பேரைச் சீட்டுப் போட்டதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நோய்த் தணிப்புச் சிகிச்சைக் குழுவை உடனேயும், மற்றவர்களுக்கு ஏறக்குறைய 3 மாதம் கழித்தும் அனுப்பினார்கள். 2010-ல் அதன் பலன் வெளிவந்தது. பொதுவான மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வலி, குமட்டல், வாந்தி, வாய்த் தொல்லை, தூக்கமின்மை ஆகிய ஐந்தும் சேர்ந்த கணக்கில் உடனே குழு வந்தவர்களுக்கு நன்மை தெரிந்தது. பராமரிக்கும் குடும்பத்தாரின் சுமையும் குறைந்தது. தீராத நோயிலும் தீர்க்கக்கூடிய துன்பங்கள் உண்டு. கேட்டால்தான் அவை தெரியவரும். இதுவே நாம் கற்கவேண்டிய பாடம்.

"சாமி, துன்பத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க வேண்டியதுதானே, எண்ணிக் கணக்கெடுப்பானேன்?" என்று சிலர் நினைக்கலாம். ஒப்புக்கொடுப்பது மேலான புண்ணியம். ஆனால் மறைத்து வைப்பது வேறு, ஒப்புக்கொடுப்பது வேறு. நம் ஆண்டவரே சிலுவையில் தமக்குத் தாகமாயிருப்பதை வாய்விட்டுச் சொன்னார் அல்லவா? நோயைத் தணிக்கும் சிகிச்சை தன்னலமற்ற பிறரன்பின் சிறந்த வடிவம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலும் போதிக்கிறது. எரிக்கோ ஊரின் வழியோரக் குருடனைப் பாருங்கள். அவன் குருடன் என்பது இயேசுவுக்குத் தெரியாததா? ஆயினும் தாம் அவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று அவனையே கேட்டார். நோயாளியின் வாயிலிருந்து கேட்டறிவது அவருக்குத் தரும் மரியாதை.

ஆகையால் வெள்ளி விழாவின் நினைவாக ஒரு தீர்மானம் செய்வோம். புதிய கோபுரமும் மணியும் அழகுதான். அவற்றோடு, வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் நோயாளியைச் சந்திக்கும்போது நான்கு கேள்விகள் கேட்கட்டும். எங்கே நோகிறது, எவ்வளவு? இரவு தூங்கினீர்களா? சொல்லக் கூசுகிற தொல்லை ஏதும் உண்டா? உங்களைக் கவனிப்பவர் எப்படி இருக்கிறார்? விடையை மருத்துவரிடம் சேர்ப்பிக்கட்டும். அடுத்த மாதம் அதையே திரும்பவும் கேட்கட்டும். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமற்போனால் எண்கள் வெறும் எண்களே. வீட்டுக்குள் பேசும் இரகசியம் வீதிக்கு வரக்கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

நாமும் இனி "இருக்கிறேன் சாமி" என்ற பதிலைக் கேட்டதும் புறப்பட்டுவிடாமல், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவோம். நோயாளிகளின் ஆரோக்கியமாகிய மாதா நமக்குத் துணை நிற்பாராக. ஆமென்.