கால் புஷல் கோதுமையும் ஒரு கல்லூரியும்

இந்தப் பட்டமளிப்பு விழாவில் என்னை அறிமுகம் செய்த பேராசிரியை அடுக்கிய பெருமைகளில் பாதிக்கு வவுச்சர் கிடையாது. அதைத் தணிக்கைக் குறிப்பாகப் பதிவு செய்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பணிக்காலம் முழுவதும் கணக்குத் தணிக்கையில் இருந்தவன். ஓர் அலுவலகத்துக்குத் தணிக்கைக்காரன் போனால் முதலில் காப்பி வரும், அப்புறம் வடை வரும், பேரேடு மட்டும் கடைசியில்தான் வரும். என் முதல் மேலதிகாரி சொல்வார்: “முகப்பில் பொறித்திருக்கிற வாசகத்தை யாரும் படிக்கலாம்பா. நீ பேரேட்டைப் படி.” பணி ஓய்வுக்குப் பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. என் வயதுக்காரர்கள் கோயில், குளம் என்று போகிறார்கள். நான் பழைய கல்வி நிறுவனங்களின் வரவு செலவைத் தேடிப் படிக்கிறேன். அப்படிப் படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஹார்வர்டின் முதல் நாற்பது ஆண்டுக் கணக்கு.

ஹார்வர்ட் என்றதும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி அதன் அறக்கட்டளை நிதி 5,300 கோடி டாலருக்கு மேல். சில நாடுகளின் ஆண்டு உற்பத்தியைவிட அதிகம். அந்தத் தொகையைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அதற்கு 388 ஆண்டு பின்னால் போவோம்.

1636 அக்டோபரில், மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பேரவை ஒரு கல்லூரிக்காக 400 பவுண்டு தருவதாகத் தீர்மானம் போட்டது. பாதி அடுத்த ஆண்டு, மீதி வேலை முடிந்ததும். பாஸ்டன் என்ற ஊர் ஏற்பட்டே அப்போது ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது. இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்த பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் அவர்கள். கூட வந்த போதகர்களில் பலர் கேம்பிரிட்ஜில் படித்தவர்கள். இவர்கள் காலம் முடிந்தால் படிப்பறிவில்லாத போதகர்கள் கையில் சபை போய்விடுமே என்ற பயம்தான் கல்லூரிக்கு வித்து. கல்லூரி அமைந்த நியூடவுன் என்ற இடத்துக்குத் தாங்கள் படித்த ஊரின் ஞாபகமாகக் கேம்பிரிட்ஜ் என்றே பெயரை மாற்றினார்கள்.

ஜான் ஹார்வர்ட் யார்? முப்பது வயதில் காசநோயால் இறந்துபோன இளம் போதகர். அமெரிக்கா வந்து சுமார் ஓராண்டுதான் வாழ்ந்தார். 1638இல் சாகும்போது சொத்தில் பாதியையும் ஏறத்தாழ 400 புத்தகங்களையும் கல்லூரிக்கு எழுதி வைத்தார். ஏட்டில் அந்தப் பாதிச் சொத்தின் மதிப்பு 779 பவுண்டு, 17 ஷில்லிங், 2 பென்ஸ். அவ்வளவும் கைக்கு வந்து சேர்ந்ததற்குக் கணக்கு இல்லை. ஆனாலும் அடுத்த ஆண்டே கல்லூரிக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். இன்று அந்த வளாகத்தில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. ‘ஜான் ஹார்வர்ட், நிறுவனர், 1638’ என்று பீடத்தில் எழுத்து. நான் அதன் எதிரே நின்றபோது என் கைக்குச் சிவப்புப் பேனா தேவைப்பட்டது. அவர் நிறுவனர் அல்ல, கொடையாளர். தொடங்கிய ஆண்டு 1638 அல்ல, 1636. அவருடைய உருவப்படம் எதுவும் கிடைக்காததால் சிற்பி வேறொரு இளைஞரை உட்காரவைத்து முகத்தைச் செய்தார். ஒரு வரியில் மூன்று ஆட்சேபணை! சுற்றுலா வருபவர்கள் அதிர்ஷ்டம் வரட்டும் என்று அந்தச் சிலையின் இடது காலணி நுனியைத் தேய்த்துத் தேய்த்து அது மட்டும் தங்கம்போல மின்னுகிறது. நானும் தேய்த்தேன். மகள் படம் எடுத்தாள்.

விடுதியில் இருந்தவர்களுக்கு அடுத்த செய்தி பிடிக்கும். கல்லூரியை முதலில் நடத்திய ஆசிரியர் நத்தானியேல் ஈட்டன் மாணவர்களைப் பிரம்பால் விளாசுவதில் பேர்போனவர். 1639இல் தன் உதவி ஆசிரியரையே வால்நட் மரக் கட்டையால் அடித்து நொறுக்கி வழக்கில் மாட்டினார். விசாரணையில் சாப்பாட்டு விவகாரமும் வெளியே வந்தது. மீனைக் குடல் எடுக்காமல் பரிமாறியது, கூழில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது, பையன்களுக்குப் பல நாள் பீர் கிடைக்காதது (அன்று அதுதான் அன்றாடக் குடிபானம்) எல்லாம் நீதிமன்றம் ஏறின. சமையலைக் கவனித்த அவர் மனைவி பெரும்பாலானவற்றை ஒப்புக்கொண்டார். ஈட்டன் வேலை போய், அபராதம் விழுந்து, வர்ஜீனியாவுக்கு ஓடிவிட்டார். கல்லூரி ஏறக்குறைய ஓராண்டு பூட்டிக் கிடந்தது. விடுதி உணவை எதிர்த்து இங்கே கோஷம் போட்டவர்கள் யாராவது இருந்தால், உங்கள் மரபு நீண்டது.

1640இல் ஹென்றி டன்ஸ்டர் தலைவராக வந்தார். வயது முப்பது. பாடம், நிர்வாகம், கட்டட வேலை, கடன் வசூல் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகத் தலையில் போட்டுக்கொண்டார். 1642இல் முதல் பட்டமளிப்பு விழா. ஒன்பதே பேர். இந்த அரங்கில் இன்று பட்டம் வாங்குபவர்களின் வரிசையைப் பார்த்துவிட்டு அந்த ஒன்பதை நினைத்துப் பாருங்கள். அவர்களில் ஜார்ஜ் டவுனிங் என்பவரைக் கல்லூரி ஆண்டுக்கு 4 பவுண்டு சம்பளத்தில் ஆசிரியராக வைத்துக்கொண்டது. அவர் பிறகு இங்கிலாந்து போய், ராஜதந்திரியாகி, பழைய தளபதியையே காட்டிக்கொடுத்துத் தூக்குமேடைக்கு அனுப்பி, புது அரசரிடம் நல்ல பெயர் வாங்கி, லண்டனில் ஒரு தெருவுக்கே தன் பெயரைத் தந்தார். பிரிட்டிஷ் பிரதமர் குடியிருக்கும் டவுனிங் தெரு அதுதான். முதல் தொகுதியிலேயே இப்படி ஒருவர். பட்டம் நல்ல குணத்துக்குச் சான்றிதழ் ஆகாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இனி நான் சொல்லவந்த பகுதி.

டன்ஸ்டர் பொறுப்பேற்றபோது கல்லூரிக்குக் கட்டடம் அரைகுறை, வருமானம் அதைவிட அரைகுறை. சார்ல்ஸ்டவுன் படகுத்துறையின் வசூலைப் பேரவை கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தது. ஆற்றைக் கடக்கிறவன் கொடுக்கும் சில்லறையில் லத்தீன் வகுப்பு நடந்தது. (1786இல் அங்கே பாலம் கட்டிய கம்பெனி, படகு வருமானத்துக்கு ஈடாக ஆண்டுக்கு 200 பவுண்டு கல்லூரிக்குக் கொடுத்தது. நல்ல ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.) லண்டனில் ஆன் மௌல்சன் என்ற விதவை 1643இல் 100 பவுண்டு அனுப்பினார், வசதியில்லாத ஒரு மாணவனின் படிப்புக்காக. ஹார்வர்டின் முதல் உதவித்தொகை ஒரு பெண் கொடுத்தது. பெண்கள் அங்கே படிக்கவோ அதற்குப் பிறகு நெடுங்காலம் ஆயிற்று. 1894இல் பெண்களுக்கென்று பக்கத்தில் அமைந்த கல்லூரிக்கு அவருடைய பிறந்த வீட்டுப் பெயரான ராட்கிளிஃப் என்பதை வைத்தார்கள்.

1644இல் தாமஸ் ஷெப்பர்ட் என்ற போதகர் நான்கு குடியேற்றங்களின் கூட்டமைப்புக்கு ஒரு விண்ணப்பம் வைத்தார். வசதியும் மனமும் உள்ள ஒவ்வொரு குடும்பமும் ஏழை மாணவர்களுக்காக ஆண்டுக்குக் கால் புஷல் தானியம் தர வேண்டும், அல்லது அதன் மதிப்பைத் தர வேண்டும். கால் புஷல் என்றால் சுமார் ஒன்பது லிட்டர் கொள்ளும் அளவு. நம் ஊர் மரக்காலுக்கு முன்பின்னாக வரும். மாசசூசெட்ஸ், பிளிமத், கனெக்டிகட், நியூ ஹேவன் நான்கும் சம்மதித்தன. ‘கல்லூரித் தானியம்’ என்றே அதற்குப் பெயர் நின்றது. கட்டாய வரி இல்லை. கல்லூரியைக் கண்ணால் பார்க்காதவர்கள், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள், பிள்ளை இல்லாதவர்கள், எல்லோரும் காடு வெட்டித் திருத்திய நிலத்தில் விளைந்ததை அளந்து கொடுத்தார்கள். ஊருக்கு ஊர் ஆள் வைத்து வசூலித்தார்கள். சில ஊர்கள் ஒழுங்காகக் கொடுத்தன, சில ஊர்கள் இழுத்தடித்தன. பத்து ஆண்டு அளவுக்கு அது நடந்து, பிறகு வற்றிப்போயிற்று.

வேறு கொடைகளும் ஏட்டில் இருக்கின்றன. ஒருவர் சில ஆடுகள் எழுதி வைத்தார். ஒருவர் ஒன்பது ஷில்லிங் பெறுமான பருத்தித் துணி கொடுத்தார். பத்து ஷில்லிங் மதிப்பில் ஒரு ஈயக் கூசா, ஒரு பழத்தட்டு, ஒரு சர்க்கரைக் கரண்டி, வெள்ளி விளிம்பு போட்ட ஒரு குவளை. அன்று வந்த பெரிய வெள்ளி உப்புக்கிண்ணம் ஒன்று இன்றும் ஹார்வர்டில் பத்திரமாக இருக்கிறது. சர்க்கரைக் கரண்டியைப் படித்தபோது நான் ஏட்டை மூடிவைத்துவிட்டேன். அந்த வீட்டில் இருந்த நல்ல பொருள் அது ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

1650களில் அங்கே பண்டகசாலைக் கணக்கு எழுதியவர் தாமஸ் செஷோம். அவர் ஏட்டில் மாணவர்கள் கட்டணம் கட்டிய விதம் தெரிகிறது. ரொக்கம் அபூர்வம். கோதுமை, சோளம், மால்ட், வெண்ணெய், இறைச்சி, உயிரோடு ஆடு மாடு, துணி, விறகு. ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு மாணவன் பேரில் வரவு வைத்திருக்கிறார். ஒரு பையன் மணி அடித்ததற்கும், சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறியதற்கும் கூலியைக் கட்டணத்தில் கழித்திருக்கிறார். சமையலறைக்கு வந்த மாட்டையும் ஒரு மாணவனின் தர்க்க வகுப்பையும் ஒரே பக்கத்தில் நேர் செய்த அந்த மனிதருக்கு நான் தொழில்முறையில் வணக்கம் வைக்கிறேன்.

தணிக்கைக்காரன் வரவை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடக்கூடாது. 1650இன் சாசனம் ஆங்கிலேய இளைஞரோடு அந்த மண்ணின் பூர்வகுடி இளைஞரின் கல்வியையும் நோக்கமாக எழுதியது. அவர்களுக்கென்று செங்கல் கட்டடம் எழுந்தது. அதில் ஓடிய அச்சகத்தில் 1663இல் பூர்வகுடி மொழியில் முழு பைபிள் அச்சானது. வாம்பனோக் இனத்தவரான கேலப் சீஷாட்டோமக் 1665இல் பட்டம் பெற்றார். ஓராண்டுக்குள் காசநோய்க்கு இரையானார். கூடப் படித்த ஜோயல் ஐயாகூமிஸ் விழாவுக்கு முன்பே, கப்பல் உடைந்த இடத்தில் உயிரிழந்தார். அவருடைய பட்டத்தை ஹார்வர்ட் 2011இல்தான் கொடுத்தது. கட்டடத்தை 1698இல் இடித்துச் செங்கல்லை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த நிலத்தில் சோளம் பயிரிடக் குடியேறிகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்தப் பூர்வகுடிகள்தான். இன்னொரு பற்று: ஹார்வர்டின் தலைவர்களும் ஆசிரியர்களும் ஊழியர்களும் எழுபதுக்கு மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார்கள் என்று 2022இல் பல்கலைக்கழகமே அறிக்கை வெளியிட்டு, பரிகாரத்துக்கு 10 கோடி டாலர் ஒதுக்கியது. தாமதமான பதிவு. ஆனால் பதிவு செய்தார்களே, அதை நான் மதிக்கிறேன்.

அந்தக் கல்லூரியில் இன்று தமிழுக்கும் ஓர் இருக்கை இருக்கிறது. அதற்கு 60 லட்சம் டாலர் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வாழும் இரண்டு தமிழ் மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் போட்டுத் தொடங்கினார்கள். தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. மீதியில் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான தமிழர்களின் சின்னச் சின்னத் தொகைகள். 2018இல் இலக்கு நிறைந்தது. நான் கொடுத்தது எவ்வளவு என்று கேட்காதீர்கள். கால் புஷலுக்குக் குறையாது.

என் சொந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் படித்த உயர்நிலைப் பள்ளியில் இரண்டு வகுப்பறைகள் அறுவடைக் களத்தில் எழுந்தவை. நெல் அளக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு ஒரு மரக்கால் என்று தனியாக ஒதுக்குவார்கள். தலைமையாசிரியர் ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயரும் அளவும் எழுதுவார். பக்கத்தில் நின்று கூட்டிப் பார்ப்பது என் வேலை. என் அப்பாயி பெயருக்கு நேரே அரை மரக்கால் இருந்தது. வாசலில் கல்வெட்டு வைத்தபோது ஆயிரம் ரூபாய் கொடுத்த பண்ணையார் பெயர் மட்டும் ஏறியது. ஜான் ஹார்வர்ட் கதைதான். பண்ணையார்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் கொடுக்காவிட்டால் கூரை ஏறியிருக்காது. ஆனால் நான் படித்து முடிக்கும்வரை அந்தச் சுவர் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

உங்களில் பலர், “நான்தான் கட்டணம் கட்டிவிட்டேனே” என்று நினைக்கலாம். இது அரசு உதவி பெறும் கல்லூரி. உங்கள் பேராசிரியர்களின் சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது. கருவூலத்துக்கு, சோப்பு வாங்குகிற ஒவ்வொருவரிடமிருந்தும் வருகிறது. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப முடியாத ஒரு சித்தாள் அம்மாவும் உங்கள் படிப்புக்கு அளந்து போட்டிருக்கிறார். அவர் பெயர் எந்த நோட்டிலும் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். வேலை கிடைத்த முதல் ஆண்டு, கோடி ரூபாய் சேரட்டும் என்று காத்திராமல், நீங்கள் ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளிக்குப் போங்கள். கணக்குப் பெட்டியோ, ஒரு பெஞ்சோ, கழிப்பறைக்குக் குழாயோ, என்ன குறை என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள். முடிந்ததைக் கொடுங்கள். அடுத்த ஆண்டும் கொடுங்கள். கொடுத்ததும் வெட்கப்படாமல் ரசீது கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயர் ஏட்டில் ஏறவேண்டும் என்பதற்காக அல்ல, பள்ளியின் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக.