பொது வாய்க்காலும் கணினி உலகும்

  

சிறுபோக வேளாண்மை தொடங்குமுன் நம் வட்டைகளில் நடப்பது யாது? வட்டை விதானையார் நாள் குறிக்கின்றார். 2 ஏக்கர் உடையவரும் 50 ஏக்கர்ப் போடியாரும் தத்தம் பங்கு வாய்க்காலைத் துப்புரவு செய்கின்றனர். போடியார் செய்வது தருமமா? அன்று. வாய்க்கால் தூர்ந்தால் பெருநட்டம் அவருக்கே. வாய்க்கால் பொது, விளைச்சல் அவரவர்க்கு உரியது.

இந்த நியாயத்தை மனத்திற்கொண்டால், பெருங் கம்பனிகள் திறந்த மூல மென்பொருளிற் பணமிடும் காரணம் விளங்கும். கணினிக்கென எழுதிய கட்டளைகளை யாவரும் படிக்கவும், திருத்தவும், வழங்கவும் உரிமையளிப்பதே திறந்த மூலம். 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அத்தகையது. 2001 இல் அதற்கென நூறு கோடி டொலர் செலவிட ஐ.பி.எம். கம்பனி முன்வந்தது. வள்ளன்மையினாலா? அன்று. அடித்தளம் அமைக்கும் செலவைப் பலரோடு பகிர்ந்துகொண்டு, அதன்மேல் தன் இயந்திரங்களையும் சேவைகளையும் விற்கலாம். போட்டிக் கம்பனி மதகு திறக்குமென்று காத்து நிற்கவும் வேண்டா. 2019 இல் அதே கம்பனி, லினக்ஸ் வணிகம் நடத்தும் ரெட் ஹட் நிறுவனத்தை 3,400 கோடி டொலருக்கு வாங்கியது.

பொதுச் சொத்தை ஒருவரே விழுங்கிவிடாரோ? சட்டமறிந்தோர் எழுப்பும் வினா இது. லினக்ஸின் உரிமப் பத்திரமே விடை கூறுகின்றது: திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவோர், திருத்திய மூலத்தையும் அவர்க்கு வழங்கவேண்டும். பொது வாய்க்காலை மறித்துத் தன் வரம்புக்குள் அடைக்க எவர்க்கும் உரித்தில்லை.

இம்முறை மேலைநாட்டார்க்கு மட்டும் உரியதன்று. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் சிதைத்தபோது, இலங்கை மென்பொருளாளர் ஒன்றுகூடி, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவதற்குச் ‘சஹானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். அதன் மூலம் திறந்திருந்தமையால், 2005 இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010 இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. நம் தீவின் துயரிற் பிறந்த கருவி பிறர் துயர் துடைத்தது.

அன்பர்களே! இதில் நம் பங்கு யாது? 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும், மூடிய மென்பொருளிலே தமிழ் இடம்பெறுமா என்பதை அதன் உரிமையாளரே தீர்மானிப்பர். மனுப்போட்டுக் காத்திருப்பதே நமக்கு விதி. திறந்த மூலத்திலோ, நம் இளைஞரே தமிழைச் சேர்க்கலாம். எவரிடமும் கையேந்த வேண்டா.

ஆனால் வாய்க்கால் வெட்டும் நாளில் வராதவர், தண்ணீர் பங்கிடும் நாளிற் குரலெழுப்ப இயலுமா? நம் பாடசாலைகளும், சங்கங்களும், கமக்காரர் அமைப்புகளும் கணினிக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையேனும் இப்பொதுப் பணிக்கு அளிக்கட்டும். கணினி கற்ற நம் பிள்ளைகள் தம் உழைப்பில் ஒரு பங்கை நல்கட்டும். உரிமை கேட்கும் நாம், மண்வெட்டியுடனும் முன்வந்து நிற்போம்!