மாடி காலியாகத்தான் இருக்கிறது



தென்காசிக்கு மாற்றலாகி வந்த அரசு ஊழியன் நான். அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளான எங்களுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் 3 சதவீதம் ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 ஆக்கியது. அந்த வழியில் வேலை கிடைத்தது. மாற்றல் ஆர்டரில் ஊர்ப் பெயரும் இருந்தது. குடியிருக்க வீடு எங்கே என்று ஆர்டரில் போடமாட்டார்களே!

"மாடி காலியாத்தான் இருக்கு சார்." இந்த ஊரில் நான் அதிகம் கேட்ட பதில் இது. என் சக்கர நாற்காலியைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நம் பக்கத்தில் வீடு எழும்புகிற விதம் அப்படி. கீழே வீட்டுக்காரர் இருப்பார். கையில் நாலு காசு சேர்ந்ததும் மேலே ஒரு போர்ஷன் எடுப்பார்; வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு வைப்பார்; டூலெட் போர்டு தொங்கும். பெரிய நகரத்தில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடியாவது உண்டு. இங்கே வாடகை வீடு என்றாலே மாடிதான்.

தப்பித்தவறிக் கீழ்வீடு அமைந்தால் வாசலில் மூன்று படி. ஏன் என்று கேட்டேன். ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்கிறது, மழைக் காலத்தில் தண்ணீர் உள்ளே வருகிறது, அதனால் ஏற்றிக் கட்டினோம் என்றார்கள். நியாயம்தான். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். உங்கள் தெருவில் சுரண்டினார்களா? நீங்களே சொல்லுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. படி ஒன்று அரை அடி. மூன்று படிக்கு ஒன்றரை அடி. சாய்தளம் ஓர் அடி உயர 12 அடி ஓட வேண்டும் என்பது விதி. ஆக 18 அடி! கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே 18 அடி விட்ட வீடு நம் தெருவில் எத்தனை? கட்டி முடித்த வீட்டில் இதை நுழைக்க முடியாது. கடைக்கால் போடும்போதே யோசித்தால், வாசலைப் பக்கவாட்டில் திருப்பிச் சுவரை ஒட்டி ஏற்றிவிடலாம்.

அடுத்தது குளியலறை. இதைப் பொதுமேடையில் பேசக் கூச்சமாக இருக்கிறது. பேசாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஹால் கதவுக்குத் தேக்கு, மூன்றரை அடி, பித்தளைக் குமிழ். குளியலறைக்கு வந்தால் இரண்டரை அடி பிளாஸ்டிக் கதவு. நிலையும் கதவும் தின்றது போக மிஞ்சுகிற இடத்தில் நாற்காலி நுழைந்தாலும் சக்கரம் தள்ளுகிற என் கை நுழையாது. மூன்றடிக் கதவு கேட்கிறேன். உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி. குளியலறை வாசலில் தடுப்புக் கட்டாமல் இருந்தால் போதும்.

சாய்தளம் வைத்தால் முகப்பு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடுமாம், ஒருவர் வருத்தப்பட்டார். அண்ணாச்சி, உங்கள் புல்லட்டை ஏற்ற வைத்திருக்கிற சறுக்கலும் அதே சிமெண்ட்தானே?

வெளியூர் உதாரணம் வேண்டாம். பக்கத்து ஆய்க்குடிக்குப் போய்ப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கே இருக்கிறது. சக்கர நாற்காலி எப்படிப் போகும் வரும் என்று காட்ட அதைவிடக் கிட்டத்தில் இடமில்லை.

வயதான காலத்தில் உங்களுக்கும் உதவும் என்று சொல்லுங்கள், அப்போதுதான் எடுபடும் என்று நண்பர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கப்போகிறவனாக, எனக்காகவே கேட்கிறேன்.

இந்தத் தை பிறந்ததும் வீடு தொடங்கப்போகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வாருங்கள். அளவு நாடா கொண்டுவந்திருக்கிறேன். கீழ்வீட்டை வாடகைக்கு விடுகிற எண்ணம் இருந்தால் அட்வான்ஸையும் அப்போதே பேசிவிடலாம்.