வீட்டு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி

தர்மபுரி ஜில்லா ஐக்கிய சங்க அங்கத்தினர்களே! பென்னாகரம், அரூர்ப் பக்கங்களில் ஆட்டுப்பட்டிக்குக் காவல் நாயே. அதற்கு வெறிநோய் கண்டால் குழந்தைக்கும் ஆபத்து, கறவைக்கும் ஆபத்து. சங்கக் கடனில் வாங்கிய மாடு வெறிகண்டு மடியும். கடன் மட்டும் நிற்கும். நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பிக்க மருந்தில்லை.

1885-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர், கடியுண்ட சிறுவனொருவனை ஊசியால் காத்தார். 1907-இல் குன்னூரில் அவர் பெயரால் ஒரு நிலையம் ஏற்பட்டது. கடிபட்டோர் அந்நாளில் சிகிச்சைக்காக அம்மலை ஏறினர். இன்று அவ்வலைச்சல் இல்லை. நாய்க்குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் சர்க்கார் கால்நடை மருந்தகத்தில் ஊசி போடுவித்து, மருத்துவர் குறிக்கும் நாட்களில் மறுபடியும் போடுவியுங்கள். பூனைக்கும் அவ்விதமே.

கடிபட்டால் மஞ்சளோ சுண்ணாம்போ அப்ப வேண்டாம். சவுக்காரமிட்டு ஓடுநீரில் கால்மணி நேரம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். ஊசி போட்ட நாய் கடித்தாலும் செல்லவேண்டியதே.