மோட்டாரின் கண்ணும் கண் திருஷ்டியும்

(மோட்டார்த் தொழிலாளர் கூட்டமொன்றில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்டார் காரின் முன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறு காமிராவைப் பற்றியதாகும். சுயமரியாதைக்காரர்கள் கடவுளையும் மதத்தையும் ஜாதியையும் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, எப்பொழுது மோட்டார் ரிப்பேர்க்காரர்கள் ஆனார்கள் என்று சிலர் கேட்கலாம். மூட நம்பிக்கை கோயிலுக்குள் மாத்திரம் குடியிருப்பதாக இருந்தால் நாமும் கோயிலைப் பற்றி மாத்திரம் பேசிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அது நம் வீட்டு வாசற்படியிலும், கடைக் கல்லாப் பெட்டியிலும், மோட்டாரின் முன்புறத்திலும் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயுமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆதலால் அது எங்கே தொங்குகிறதோ அங்கே போய்த்தான் பேசவேண்டியிருக்கிறது.

காமிரா செய்கின்ற வேலை

இப்பொழுது வருகின்ற புதுக் கார்கள் பலவற்றில் டிரைவருக்கு உதவியாக ‘அடாஸ்’ என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் சுபாரு கம்பெனியார் காமிரா வைத்த இத்தகைய ஏற்பாட்டைக் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலை முதல், மோதப்போகும் சமயத்தில் வண்டி தானாகவே பிரேக் போடும் ஏற்பாடு புதுக் கார்களுக்குக் கட்டாயம் என்பதாகச் சட்டமே செய்துவிட்டார்கள். நம் நாட்டில் 2020க்குப் பிறகு இது நடுத்தர விலைக் கார்களுக்கும் வந்திருக்கிறது.

இந்தக் காமிராவுக்குள் ஒரு லென்சு, ஒளியை மின்சாரமாக மாற்றும் ஒரு சில்லு, அந்தப் படத்தைக் கணக்குப் பார்க்கும் ஒரு சிறு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் இருக்கிறது. ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டையும், முன்னால் போகும் லாரியையும், குறுக்கே வரும் மனிதனையும் அது பார்க்கிறது. வண்டி கோட்டை விட்டு விலகினால் சத்தம் கொடுக்கிறது. சில வண்டிகளில் ஸ்டியரிங்கையே சற்றுத் திருப்பிவிடுகிறது.

இதற்கு என்ன அவசியம் என்று கேட்பீர்களானால், கணக்கைப் பாருங்கள். மத்திய அரசாங்கத்தின் கணக்குப்படியே 2022ஆம் ஆண்டு ஒன்றில் இந்தியாவில் ரோட்டு விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர்; நாள் ஒன்றுக்குச் சுமார் 460 பேர். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துக்கள், 17,884 சாவுகள். இத்தனை பேருக்கும் தலையில் எழுதியது அவ்வளவுதான் என்று சொல்லுகின்ற யோக்கியர்களை ஒன்று கேட்கின்றோம். அந்த எமன் சீட் பெல்ட் போட்டவனை விட்டுவிட்டுப் போடாதவனையே அதிகமாகத் தேடிப்பிடிப்பானேன்? ஹெல்மெட் இல்லாத தலையில் மாத்திரம் பிரமன் அவ்வளவு கெட்ட எழுத்தாக எழுதுவானேன்?

ஒரு சம்பவம்

நிற்க, நமக்குத் தெரிந்த வாடகைக் கார் டிரைவர் தோழர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லுகிறோம். வண்டி அவருடையதல்ல, முதலாளியுடையது. ஒருநாள் காமிரா வேலை செய்யவில்லை என்பதாக மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. டிரைவர் உடனே முதலாளியிடம் சொன்னார். முதலாளி வண்டியை ஒர்க்ஷாப்புக்கு அனுப்பவில்லை. வண்டிக்குக் கண்பட்டுவிட்டது என்று அமாவாசை இரவில் பூசணிக்காய் சுற்றி உடைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் விளக்கு அணைந்திருந்தது! முதலாளி பூசணிக்காயின் மகிமையைத் தெருவெல்லாம் சொன்னார். பகல் வெயில் ஏறியதும் விளக்கு மறுபடியும் எரிந்தது. அப்பொழுது பூசணிக்காயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. காமிரா கண்ணாடியை ஒட்டியிருப்பதால் வெயிலில் நின்ற வண்டியில் அளவுக்கு மீறிச் சூடேறும். சூடேறினால் வேலையை நிறுத்திக்கொள்ளும். இரவில் குளிர்ந்தால் மறுபடியும் வேலை செய்யும். பிளக் தளர்ந்திருந்தாலும், உள்ளே ஈரம் புகுந்திருந்தாலும் இப்படியே ஒரு சமயம் கெடும், ஒரு சமயம் சரியாகும். இப்படி விட்டுவிட்டு வருகின்ற குற்றம்தான் ஜோசியனுக்கும் மந்திரவாதிக்கும் மூலதனம். முறைக் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதினாலேயே தாயத்துக்குப் பெயர் வந்தது. காய்ச்சல் விட்ட நாளில் கட்டியவன் கெட்டிக்காரனாகிவிடுகிறான். மறுநாள் வந்த காய்ச்சலுக்கு மாத்திரம் அவன் ஜவாப்தாரியல்ல!

பிறகு அந்தக் காமிரா அடியோடு கெட்டது. முதலாளி செலவைக் குறைக்க எண்ணி, கூலி குறைவாகக் கேட்ட ஓர் ஒர்க்ஷாப்பில் புதுக் காமிராவை மாட்டச் சொன்னார். மாட்டியவர்கள் அதைக் குறி பார்த்து நிறுத்துகின்ற வேலையைச் சரிவான தெருவிலே, பலகையை உத்தேசமாக நிறுத்தி, அவசரமாக முடித்துவிட்டார்கள். இரண்டாம் நாள் பைபாஸ் ரோட்டில் வண்டி பக்கத்து லாரியை நோக்கித் தானே ஸ்டியரிங்கைத் திருப்பிற்று. டிரைவர் தோழர் கைப்பிடியை விடாதிருந்ததால் உள்ளே இருந்த நான்கு பேரும் பிழைத்தார்கள்.

பிழைக்க வைத்தவருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? முதலாளி ஜோசியரைக் கேட்டார். ஜோசியர் வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், டிரைவருக்கு ஏழரைச் சனி நடக்கிறது, அவன் கை பட்ட வண்டி விளங்காது என்று சொல்லிவிட்டார். டிரைவர் வேலை போயிற்று. மூன்று வாரம் அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததும் எரியாததும் அவருக்கும் அவர் மனைவிக்குந்தான் தெரியும். கடைசியில் ஸ்டாண்டுத் தோழர்கள் ஒன்றுகூடி முதலாளியை வற்புறுத்தி, சாமான்கள் சரியாக இருந்த வேறு இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோனார்கள். காமிராவின் பார்வை சுமார் ஒரு பாகை விலகி இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. குற்றம் சனியிடத்திலும் இல்லை, டிரைவரிடத்திலும் இல்லை. அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஜோசியருக்குக் கொடுத்த பணந்தான் திரும்பவில்லை.

ஒரு பாகைதானே என்று அலட்சியமாகச் சொல்லக்கூடாது. ஒரு பாகை விலகினால் 100 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1¾ மீட்டர் விலகிவிடும். நெடுஞ்சாலையில் ஒரு வரிசையின் அகலமே 3½ மீட்டர். அதாவது பாதி வரிசை தவறாகத் தெரியும். இதைத் தெரிந்துகொள்ள வேத சாஸ்திரம் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக் கணக்கே போதும்.

செய்யவேண்டிய முறை

ஆகவே விளக்கு எரிந்தால் செய்யவேண்டியது என்ன? முதலில் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். ஆயுத பூஜை என்பதாகச் சந்தனத்தையும் குங்குமத்தையும் முன் கண்ணாடியில் அப்புகிறோம். சாமி படத்தையும் அங்கேயே ஒட்டுகிறோம். காமிரா பார்க்கும் இடத்தை மறைத்துவிட்டு, வழிகாட்டும்படி சாமியைக் கேட்பது எவ்வளவு புத்திசாலித்தனம்! சேறும் பனிப்படலமும் பட்டாலும் அப்படித்தான். துடைத்தும் விளக்கு அணையாவிட்டால், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பிளக்கில் சோதனைக் கருவியை மாட்டினால், வண்டி தன் குற்றத்தை எண்ணாகவே சொல்லும். ஆனால் எண் வந்தவுடனே காமிராவை மாற்றிவிடக் கூடாது. பேட்டரி அழுத்தம், பியூஸ், ஒயர், பிளக், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாங்கி ஆகிய இவற்றையெல்லாம் வரிசையாகப் பார்த்து, இவைகளில் குற்றம் இல்லை என்று தெரிந்த பிறகே காமிராவில் கை வைக்க வேண்டும்.

மாற்றும்போது அந்த வண்டிக்கே உரிய நம்பர் உள்ள காமிராவாக இருக்கவேண்டும். லென்சில் விரல் படக்கூடாது. மாட்டிய பின் அந்த வண்டியின் விவரங்களைக் கருவி மூலம் அதில் பதிய வேண்டும். பிறகு சமமான தரையில் வண்டியை நிறுத்தி, டயர்க் காற்றைச் சரிபார்த்து, தயாரித்தவர்கள் சொல்லியிருக்கும் தூரத்திலும் உயரத்திலும் குறிப் பலகையை அளந்து நிறுத்தி, பார்வையைச் சரிசெய்ய வேண்டும். சில வண்டிகளுக்குக் கோடு தெளிவாகத் தெரியும் ரோட்டில், சொன்ன வேகத்தில் ஓட்டியும் சரிசெய்ய வேண்டும். முன் கண்ணாடியை மாற்றினாலும் இந்த வேலை உண்டு. கடைசியில் ஓட்டிப் பார்த்துப் பரீட்சித்த பிறகே வண்டியை வெளியே விட வேண்டும்.

தோழர்களே! காரணத்தைத் தேடு, ஒவ்வொன்றாகச் சோதி, கெட்டதை மாற்று, மாற்றியதையும் பரீட்சை செய் என்பதே இதில் அடங்கியிருக்கிறது. பகுத்தறிவு என்பதாக நாம் சொல்லுகின்றது இதைத்தானே தவிர வேறொன்றுமில்லை. காமிரா விஷயத்தில் இந்த முறையை ஒப்புக்கொள்ளுகிறவன், ஜாதி விஷயத்திலும் சடங்கு விஷயத்திலும் இதே முறையில் ஏன் சோதிக்கக் கூடாது என்று கேட்கின்றோம். பழைய காமிரா என்பதற்காகக் கெட்டுப்போனதை யாராவது வைத்துக்கொண்டிருக்கின்றோமா?

கண்ணப்பர் கதை

கண் மாற்றுகின்ற விஷயம் நம் புராணத்திலேயே இருக்கிறது என்று பண்டிதர்கள் பெருமை கொள்ளக்கூடும். இருக்கிறது, வாஸ்தவந்தான். பெரிய புராணத்திலே கண்ணப்பர் என்கின்ற வேடர், சிலையின் கண்ணில் இரத்தம் வழிந்ததாகக் கண்டு தன் கண்ணைத் தோண்டி அதற்கு வைத்தார். அடுத்த கண்ணிலும் இரத்தம் வழியவே, இடம் தவறாமலிருக்கத் தன் காலை அங்கே ஊன்றிக்கொண்டு மற்றொரு கண்ணையும் தோண்டத் துணிந்தார் என்பது கதை. குறி தவறக்கூடாது என்கின்ற அறிவு அந்த வேடருக்குக்கூட இருந்தது. தெருச் சரிவில் பலகை வைத்த ஒர்க்ஷாப்புக்கு இல்லை! அது போகட்டும். கல்லின் கண்ணுக்காக மனிதன் கண்ணைத் தோண்டுவதைப் பக்தி என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மனிதன் கண்ணும் உயிரும் போகாமலிருப்பதற்காக இயந்திரத்துக்கு ஒரு கண் செய்து வைத்ததோ சயன்ஸ். இவ்விரண்டில் எது மனிதனுக்கு மரியாதை என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

காமிராவையும் கும்பிடாதீர்கள்

அப்படியானால் காமிராவே கடவுள் என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணவேண்டாம். கடும் மழையிலும், மூடுபனியிலும், எதிர் வெயிலிலும் அதற்குப் பார்வை குறையும். கோடே போடாத ரோட்டில் அது எந்தக் கோட்டைப் பார்க்கும்? அதன் பெயரே உதவிதான், ஓட்டுகிறவன் மனிதன். கையை விட்டுவிட்டு, எல்லாம் காமிரா பார்த்துக்கொள்ளும் என்று உட்காருகிறவனுக்கும், எல்லாம் ஆண்டவன் பார்த்துக்கொள்ளுவான் என்று உட்காருகிறவனுக்கும் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. தட்சணை கொடுக்கும்போது பேரம் பேசாத கை, மெக்கானிக்குக் கூலி கொடுக்கும்போது நூறு ரூபாய்க்கு அரைமணி நேரம் வாதாடுகிறது. அளந்து, சோதித்து, வியர்வை சிந்தி உயிரைக் காப்பாற்றுகிறவன் ‘கரிக்கை’க்காரன், ஒன்றும் பார்க்காமல் சனி என்கிறவன் பெரிய மனிதன்! இந்த மதிப்பு தலைகீழாக மாறியாக வேண்டும். தயாரிப்பிலேயே குற்றமிருந்தால் கம்பெனிக்காரனைக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குற்றமுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட மத்திய அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. விதியை நொந்துகொள்ளுகிறவன் இந்தச் சட்டத்தை உபயோகிக்கமாட்டான்; காரணத்தைக் கேட்கிறவனே உபயோகிப்பான்.

எனவே டிரைவர் தோழர்கள், விளக்கு எரிந்த நாளையும் நேரத்தையும், முதலாளியிடம் சொன்ன நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜாதகத்தைக் காட்டி உங்கள் வேலையைப் பறிக்க வருகிறவனுக்கு அந்த நோட்டைக் காட்டுங்கள். முதலாளிமார்கள் பூசணிக்காய்க்குக் கொடுக்கும் காசைச் சோதனைக்குக் கொடுங்கள். ரோட்டில் உடைத்த பூசணிக்காயில் சறுக்கி விழுகின்ற சைக்கிள்காரனாவது பிழைப்பான்.