கப்பலுக்கு முன் கணக்கு

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'குழந்தைகளோடு கப்பல் பயணம் – திட்டமும் செலவும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் கப்பல் கம்பெனிக்காரன் இல்லை, டிராவல் ஏஜென்டும் இல்லை. எங்கள் செட்டுக்குப் பொருளாளர், அவ்வளவுதான். ஆகவே கடலின் அழகைப் பற்றிக் கவிதை எதுவும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். கணக்குதான் வரும்.

சென்னைக்குப் பயணிகள் கப்பல் புதிதில்லை. 1926இல் கட்டப்பட்ட 'ராஜூலா' என்ற கப்பல் 1973 வரை இங்கிருந்து நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு 'எம்.வி. சிதம்பரம்'. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டதோடு அந்தப் போக்குவரத்து நின்றது. இந்த அரங்கத்திலேயே தாத்தாவோ பாட்டியோ ராஜூலாவில் வந்தவர்கள் என்று சொல்லக்கூடியவர்கள் சிலர் இருப்பீர்கள். அவர்கள் பிழைப்புக்காகப் போனார்கள். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

பொழுதுபோக்குக்காகவே கப்பல் ஏறுவது என்பது நம் ஊரில் பரவலாகப் பேச்சுக்கு வந்தது 2022இல்தான். அந்த வருடம் ஜூன் 4ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். 1990இல் பிரான்ஸில் கட்டிய, 11 அடுக்குக் கப்பல் அது. அடுத்த வருடம், 2023 ஜூனில், அதே கப்பல் இலங்கைக்குப் போனது: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. பாண்டி பஜாரில் துணி வாங்கப் போன இடத்தில்கூட அதே பேச்சாக இருந்தது. எங்கள் செட்டையும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது.

நாங்கள் தி. நகரில் ஒரு ஓட்டலில் கூடினோம். வெள்ளி விழாவைக் குடும்பத்தோடு கப்பலில் கொண்டாடலாமா என்று கேட்டபோது 28 கைகள் மேலே போயின. ஒரே கைதட்டல். பிறகு கட்டண விவரம் குழுவில் வந்தது. பத்து நாள் கழித்துப் பெயர் கொடுத்தவர்களை எண்ணினால் 11 பேர். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். "பொண்ணு பிளஸ் டூடா." "மாமியாருக்கு உடம்பு சரியில்லப்பா." "லீவு கிடைக்காது போல." எல்லாமே உண்மையான காரணமாக இருக்கலாம். ஆனால் 17 வீட்டில் ஒரே வாரத்தில் மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போகுமா, சொல்லுங்கள்?

விஷயம் பணம்தான். அதை வெளியே சொல்ல நம் ஆட்களுக்கு வராது. நாற்பத்தைந்து வயதில், கூடப் படித்தவன் முன்னால், "என்னால முடியாதுடா" என்று சொல்வது லேசான காரியம் இல்லை. அதனால்தான் இன்று இந்தப் பேச்சு. கப்பல் செலவைப் பற்றி மூன்று கேள்வி கேட்டுப் பார்ப்போம். எப்போது போவது? எவ்வளவு ஆகும்? யாருடைய கணக்கை வைத்துத் திட்டம் போடுவது?

முதலில், எப்போது? இங்கேதான் குழந்தை உள்ள வீட்டுக்குச் சிக்கல். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மேற்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அந்த மாதங்களில்தான் 2022இலும் 2023இலும் கப்பல் மும்பைப் பக்கத்தை விட்டு நம் பக்கம் வந்தது. நம் பள்ளிகளோ ஜூனில் திறக்கின்றன. ஏப்ரல், மே விடுமுறையில் குழந்தை வீட்டில் இருக்கும், கப்பல் இருக்காது. அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழை, வங்காள விரிகுடாவில் புயல் சின்னம். மிஞ்சுவது சுதந்திர தினத்தை ஒட்டியோ வேறு பண்டிகையை ஒட்டியோ வரும் சனி ஞாயிறு. ஆக, முதல் வேலை கப்பல் அட்டவணையையும் பள்ளிக்கூட டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ போய் ஏறலாம் என்றால் நான்கு பேருக்கு ரயில் அல்லது விமானச் செலவு தனி. சிங்கப்பூரில் கிளம்பி வேறு நாட்டைத் தொட்டுவிட்டு அங்கேயே திரும்புகிற பயணத்துக்கு, மறுபடி உள்ளே நுழைய அனுமதிக்கும் விசாவா என்றும் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுத் துறைமுகம் என்றால் கைக்குழந்தைக்குக்கூடப் பாஸ்போர்ட் வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் 5 வருடம் அல்லது 18 வயது, எது முந்துகிறதோ அதுவரைதான் செல்லும். "போன தடவை எடுத்ததே இருக்கே" என்று பீரோவைப் பூட்டி வைக்காமல் தேதியைப் பாருங்கள். ஆறு மாதம் பூர்த்தியாகாத குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றுவதில்லை.

இரண்டாவது, எவ்வளவு? விளம்பரத்தில் போடுகிற தொகை ஓர் ஆளுக்கு. அதுவும் ஓர் அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில். அதற்கு மேல் துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி. நான் ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். தொகைகள் கற்பனை, முறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். மூன்று இரவு. பெரியவருக்கு 20,000 என்றால் இருவருக்கும் 40,000. அதே அறையில் படுக்கும் குழந்தைகளுக்கு 10,000 வீதம் 20,000. துறைமுகக் கட்டணம் தலைக்கு 3,000, நான்கு தலைக்கு 12,000. குழந்தைக்கு டிக்கெட் இலவசம் என்று விளம்பரம் செய்யும்போதுகூட இதைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். சேவைக் கட்டணம் ஓர் இரவுக்குத் தலைக்கு 500, மொத்தம் 6,000. கூட்டினால் 78,000. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று வைத்தால் 14,040. ஆக 92,040. விளம்பரத்தில் 20,000 என்று பார்த்த வீட்டில் "புருஷன் பெண்டாட்டிக்கு நாற்பது, பிள்ளைகளுக்கு ஏதோ கொஞ்சம்" என்று நினைத்திருப்பார்கள். இன்னும் கப்பலே ஏறவில்லை.

ஏறின பிறகு? சாப்பாடு கட்டணத்தில் அடக்கம். ஆனால் பாட்டில் பானம், தனி ஓட்டல், போட்டோ, இன்டர்நெட், கரையில் இறங்கிச் சுற்றும் பஸ், எல்லாம் பெரும்பாலும் தனி. கையில் காசு கொடுக்காமல் அட்டையைக் காட்டி வாங்குவதால் வலி தெரியாது. கடைசி நாள் காலையில் பில் வரும்போது தெரியும். நாளைக்கு 3,000 என்று வரம்பு வைத்தால் 9,000. ரங்கநாதன் தெருவில் செருப்பு, நீச்சல் உடை, பை என்று 8,000. இன்ஷூரன்ஸ் 2,000. துறைமுகம் போக வர டாக்சி 1,500. இதுவரை 1,12,540. கைக்காவலாக 11,460 சேர்த்து 1,24,000 என்று முழுசாக்குவோம். 20 மாதம் சேர்த்தால் மாதம் 6,200 ரூபாய்.

வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் டி.சி.எஸ். என்று ஒன்று பிடிக்கலாம். அதை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆனால் கட்டும் அன்று கையில் இருக்க வேண்டும். கப்பல் கரையை விட்டுத் தள்ளிப் போனதும் செல்போன் கப்பலின் நெட்வொர்க்கில் மாட்டிக்கொண்டால் கட்டணம் எகிறும். ஏறியதுமே பிள்ளைகளின் போனையும் விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

இங்கே ஒரு நல்ல செய்தி. விலை குறைந்த அறை கப்பலின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாமல் இருக்கும். கீழ்த்தளமாகவும் நடுப்பகுதியாகவும் இருந்தால் ஆட்டம் அங்கேதான் மிகக் குறைவு. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான் பயணத்தில் குமட்டல் அதிகம் வருகிறது. பால்கனி அறைக்குப் பணம் கட்டி, அதில் பிள்ளை வாந்தி எடுப்பதைவிடக் கீழே நிம்மதியாகத் தூங்குவது மேல். மாத்திரை கொண்டு போவதென்றால் குழந்தை டாக்டரைக் கேட்டுத்தான்; பஸ் பயணத்துக்குப் பெரியவர்கள் போட்டுக்கொள்கிற மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

பணம் இல்லாத செலவு ஒன்று, பாதுகாப்புப் பயிற்சி. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கன்கார்டியா' கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு சர்வதேச விதியைத் திருத்தி, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தியாக வேண்டும் என்றார்கள். மணி அடித்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். சிறுவர் அளவு உயிர்காப்பு உடுப்பு எங்கே இருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

பயண வழியும் மாறலாம். 2022 ஜூனில் அந்தக் கப்பலைப் புதுச்சேரியில் நிறுத்த அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் சூதாட்டம் உண்டே என்ற எதிர்ப்பு ஒரு காரணம். "அந்த ஊரில் இறங்குவோம்" என்று பிள்ளைகளுக்குச் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "கப்பலில் போவோம்" என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்போது மூன்றாவது கேள்வி. யாருடைய கணக்கு?

நாங்கள் மறுபடி கூடினோம், இந்த முறை மயிலாப்பூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில். கை தூக்கச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. பெயர் வேண்டாம், மாதம் கஷ்டமில்லாமல் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று மட்டும் எழுதச் சொன்னோம். 15,000 என்று ஒரு சீட்டு இருந்தது. 10,000 நிறைய. கடைசியாகப் பிரித்த சீட்டில் 3,000. பக்கத்திலேயே சின்ன எழுத்தில், 'கடன் வாங்க மாட்டேன்.'

யார் என்று யாரும் கேட்கவில்லை. மாடியில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் போனில் சொன்னார்: "முடியாதவங்க பங்கை நான் போட்டுடறேன்." நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெண் பிள்ளை நாளைக்கு, "நாம அப்பா காசில் வரல, அந்த அங்கிள் காசில் வந்தோம்" என்று தெரிந்துகொண்டால்? அந்தப் பணத்தைக் கல்லூரிப் புத்தக வங்கிக்குத் தரும்படி கேட்டுக்கொண்டோம். தந்துவிட்டார்.

பிறகு அந்த 3,000 ரூபாயிலிருந்து திரும்பக் கணக்கு போட்டோம். மூன்று இரவு வேண்டாம், இரண்டு. பெரியவருக்கு 14,000, குழந்தைக்கு 7,000 என்றால் நால்வருக்கு 42,000. துறைமுகம் 12,000, சேவை 4,000, வரி 10,440. ஆக 68,440. கப்பலில் கைச்செலவு நாளைக்கு 2,000 வீதம் 4,000. புதுத் துணிமணி 3,000. இன்ஷூரன்ஸும் டாக்சியும் 3,500. கைக்காவல் 8,060. மொத்தம் 87,000. மாதம் 3,000 என்றால் 29 மாதம். எல்லோருக்கும் ஒரே வகை அறை, கீழ்த்தளம். கட்டணம் நடுவில் ஏறினால் கைக்காவலில் பிடித்துக்கொள்வது; அதிலும் அடங்காவிட்டால் இன்னும் இரண்டு மாதம் தள்ளுவது.

ஒரு நண்பர் நியாயமாகவே கேட்டார்: "29 மாசத்துல என் பையன் காலேஜ் போயிடுவான், அப்புறம் என்கூட எங்க வருவான்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் முன்னாடியே குடும்பத்தோடு போகட்டும், யார் தடுத்தார்கள்? ஆனால் சங்கத்தின் பெயரில் போவது என்றால் கூடப் படித்தவன் எவனும் மாமியார் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் உட்காரக்கூடாது. காத்திருப்பதால் வசதியுள்ளவருக்குக் கொஞ்சம் சலிப்பு, அவ்வளவுதான். அவசரப்பட்டால் வசதியில்லாதவர் கிரெடிட் கார்டைத் தேய்ப்பார், அல்லது ஒதுங்கிவிடுவார்.

இப்போது 23 குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. அவரவர் வங்கியில் அவரவர் பெயரில் ஆர்.டி. என்னிடம் ஒரு பைசாவும் இல்லை, நிம்மதியாகத் தூங்குகிறேன். ஒன்பது தவணை முடிந்தது. பல வீடுகளில் தவணைக் கணக்கைப் பிள்ளைகளே நோட்டில் எழுதுகிறார்கள். கப்பலில் நாளைக்கு 2,000 என்ற வரம்புக்கும் அவர்கள்தான் காவல். ஐஸ்கிரீமா போட்டோவா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

மாணவத் தம்பி தங்கைகளே, நீங்களும் ஒரு நாள் இப்படிக் கூடுவீர்கள். கப்பலோ, கொடைக்கானலோ, பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு மாலையோ, எதுவானாலும் முதலில் சீட்டைக் கொடுங்கள். கையை அப்புறம் தூக்கச் சொல்லலாம்.

மற்ற செட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டுமானால் வாசலில் நகல் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கட்டணத்தைப் போட்டு நீங்களே நிரப்பிக்கொள்ளலாம்.