ஐப்பசியில் நடவு, பாஸ்காவில் மலர்ச்சி

(பங்கு விழாக் கூட்டமொன்றில், ஆலயத் தோட்டத்தைக் கவனித்து வருவோர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

விழா மேடையில் தோட்டத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். பீடத்தில் வைக்கும் மலர் கடையிலிருந்து வருகிறதா, நம் மண்ணிலிருந்து வருகிறதா என்பது சிறிய காரியம் அல்ல என்பது எங்கள் எண்ணம். ஆகையால் பூக்கும் கிழங்குகளை எப்போது நடுவது, எவற்றை நடுவது, எவற்றைத் தொடாமல் விடுவது என்பதைச் சொல்ல விரும்புகிறோம்.

மேல்நாடுகளில் இலையுதிர் காலத்தில் டூலிப், டாஃபடில் போன்றவற்றின் கிழங்குகளை மண்ணில் புதைத்து விடுவார்கள். பனிக்காலம் முழுவதும் அவை மண்ணுக்குள் கிடந்து, வசந்தம் வந்ததும் பூக்கும். நம் நாட்டிலும் காஷ்மீரத்தில், ஸ்ரீநகரில் 2007-ல் தொடங்கப்பட்ட டூலிப் தோட்டத்தில் இவ்வாறே நடுகிறார்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் அது கண்கொள்ளாக் காட்சி. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "நம் கோயிலிலும் இதை வைத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம், பூக்காது. டூலிப் கிழங்குக்கு ஏறக்குறைய 12 முதல் 16 வாரங்கள் கடுங்குளிர் வேண்டும். கள்ளக்குறிச்சியில் அந்தக் குளிர் இல்லை. இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரமுள்ள கல்வராயன் மலையிலும் மார்கழிக் குளிர் அந்த அளவுக்குப் போதாது.

அப்படியானால் நம் ஊருக்கு இந்த முறையே இல்லையா? உண்டு. அங்கே செடிக்குப் பகை உறைபனி. இங்கே பகை வறட்சி. அங்கே கிழங்கு குளிரைத் தாங்கிக் கிடக்கிறது. இங்கே காய்ச்சலைத் தாங்கி உறங்குகிறது. விதைமஞ்சளைத் தனியே எடுத்து நிழலில் வைத்திருந்து, வைகாசியில் நடும் நம் விவசாயிகளுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. காய்ந்து கிடப்பதெல்லாம் செத்துக் கிடப்பதல்ல என்பதை அவர்கள் அறிவார்கள்.

நம் வீடுகளில் 'லில்லி' என்று பொதுவாகச் சொல்கிறோமே, நீண்ட தண்டின் நுனியில் ஒலிபெருக்கிக் குழாய் போலச் சிவப்பாகப் பூப்பது, அதைத்தான் முதலில் சொல்கிறோம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. நூல்களில் ஹிப்பியாஸ்ட்ரம் என்பார்கள். பங்குனி, சித்திரையில் அது பூக்கும். அதை நடுவதற்கு ஐப்பசி, கார்த்திகை ஏற்ற மாதங்கள். வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்துக்கொள்ளும். செம்மண்ணோடு மணலும் மட்கிய சாணமும் கலந்து, தண்ணீர் தேங்காத தொட்டியில் நட வேண்டும். கிழங்கின் கழுத்தும் மேல் பகுதியும் மண்ணுக்கு வெளியே தெரியட்டும். முழுவதும் புதைத்தால் அழுகும்.

மார்கழி பிறந்ததும் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்தி, தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இங்கேதான் பலருடைய பொறுமை கெட்டுப்போகிறது. இலை பழுத்து விழுவதைக் கண்டு இரக்கப்பட்டு நாள்தோறும் தண்ணீர் விடுவார்கள்; கிழங்கு அழுகிப்போகும். வேறு சிலர் செத்துவிட்டது என்று குப்பையில் கொட்டுவார்கள். இரண்டும் வேண்டாம். மீண்டும் தண்ணீர் விடத் தொடங்கினால் ஆறு முதல் எட்டு வாரங்களில் பூ வரும் என்பது பொதுவான கணக்கு. திருநீற்றுப் புதனிலிருந்து பாஸ்கா ஞாயிறு வரை 46 நாட்கள், அதாவது ஆறரை வாரம். பாஸ்கா மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே மாறி மாறி வந்தாலும் இந்த இடைவெளி மாறுவதில்லை. எனவே பாதித் தொட்டிகளுக்குத் திருநீற்றுப் புதனுக்குப் பத்து நாள் முன்பும், மீதிக்கு அன்றும் தண்ணீர் விடத் தொடங்குவோம். சில பிந்திப் பூத்தாலும் நட்டமில்லை. பாஸ்கா காலம் ஐம்பது நாள் அல்லவா!

பூ வாடியபின் தண்டை மட்டும் வெட்டலாம், இலையை வெட்டாதீர்கள். அந்த இலைகள் சமைக்கும் உணவுதான் கிழங்கில் சேருகிறது. அடுத்த ஆண்டுப் பூமொட்டு இந்த ஆண்டே கிழங்குக்குள் உருவாகிவிடும். சிறு கிழங்குகள் முதலாண்டில் பூக்காமலும் போகலாம். அவற்றை வைதுகொண்டிராமல் வளரவிட வேண்டும்.

அடுத்து நிலச்சம்பங்கி. இது மெக்சிகோவிலிருந்து வந்து நம் மாலைகளில் நிலைத்துவிட்ட மலர். இதற்கு ஐப்பசி வேண்டாம். ஆனி, ஆடியே நல்ல காலம். தோண்டிய கிழங்கை ஒரு மாதம் நிழலில் ஆறவிட்டு, ஒரு அங்குல ஆழத்தில், வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி விட்டு நட்டால் மூன்று மாதத்தில் பூக்கத் தொடங்கும். ஒருமுறை நட்டது மூன்றாண்டு வரை பலன் தரும்.

இனி நாங்கள் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறோம். நம் மாநில மலரான செங்காந்தளை எல்லாரும் அறிவீர்கள். திருக்கோவிலூரோடு நினைக்கப்படும் கபிலர், குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கும்போது இதைத்தான் முதலில் வைக்கிறார். மழை தொடங்கியதும் மலைச்சரிவிலும் வேலியோரத்திலும் துளிர்த்து, இலை நுனியையே பற்றுக்கம்பியாக்கி ஏறி, பச்சையாய், மஞ்சளாய், பின் தீச்சுடராய் நிறம் மாறும். கோடையில் சுவடு தெரியாமல் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். இதன் கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், கண்வலிக் கிழங்கு என்றும் பெயர்.

இந்தக் கிழங்கு நஞ்சு. இதிலுள்ள கொல்கிசின் என்னும் பொருள், அளவறிந்து மருத்துவர் கொடுத்தால் கீல்வாதத்தின் ஒரு வகைக்கு மருந்து. கிழங்காகத் தின்றால் உயிரைக் குடிப்பது. உண்ணும் வள்ளிக்கிழங்கு என்று தவறாகக் கருதி இதை உண்டு மாண்டவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் உண்டு. முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் காணும். சாதாரண உபாதை என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். லில்லிக் கிழங்கும் வெங்காயம் போலத் தோன்றினாலும் நஞ்சுதான். எனவே எந்தப் பூங்கிழங்கையும் அடுக்களையில், வெங்காயக் கூடைக்கு அருகில் வைக்காதீர்கள் தாய்மார்களே. பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.

மலைக்குப் போகிறவர்கள் செங்காந்தளைத் தோண்டிக்கொண்டு வரவும் வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதியின்றித் தோண்டுவது சட்டப்படி குற்றம். அதோடு, வளைந்த கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது. கடப்பாரை பட்டு நுனி முறிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. மலையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை என்றாகிவிடும். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கங்களில் இதை விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். வேண்டுமானால் பயிரிடுவோரிடம் வாங்கி, ஆடி மாதத்தில், பிள்ளைகள் விளையாடாத இடத்தில் நடலாம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். கல்லறைத் திருநாள் நவம்பர் 2-ஆம் நாள் வருகிறது. அதற்கு முன்பாகக் கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்யும்போது மண்வெட்டியைச் சற்றுப் பார்த்துப் போடுங்கள். நம் முன்னோர் நட்டுவைத்த லில்லிகள் அந்தப் புல்லுக்கடியில் இருக்கின்றன. வெட்டுப்பட்டால் அவை அழுகும். புல்லைக் கையால் பிடுங்கி, நெருங்கிக் கிடக்கும் கிழங்குகளைப் பிரித்து, குடும்பத்துக்கு ஒன்றாக எடுத்துச் சென்று நடுங்கள். அது செலவில்லாத நடவு; இறந்தவர்களின் கைப்பட்ட நடவு.

இவ்வாண்டு வீட்டுக்கு ஒரு தொட்டி என்று தொடங்குவோம். மார்கழியில் அது வெறுந்தொட்டியாகத் தெரியும்போது யாரும் அதைக் கவிழ்க்காமல் காப்போம். பாஸ்கா இரவில் பூத்த தொட்டிகளைப் பீடத்தைச் சுற்றி வரிசையாக வைப்போம். பூக்காத தொட்டிகளையும் கொண்டு வாருங்கள், அவற்றுக்கும் இடம் உண்டு.